டச் இல்லாத கீபோர்டும் டச்சுக்காரர் காலத்து இசையும்!

வீட்டில் கீபோர்டு இருந்தால் அதன் டோன் பட்டியலை ஒரு நிமிடம் பாருங்கள். முதல் எண்ணில் பியானோ இருக்கும். கொஞ்சம் தள்ளி, ஆர்கனுக்குப் பக்கத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் ‘ஹார்ப்சிகார்டு’ என்று ஒரு பெயர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து வாசித்தால், கம்பியைச் சுண்டிவிட்ட மாதிரி ‘க்ளிங்’ என்று ஒரு சத்தம். பெரும்பாலானவர்கள் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, “பழைய பேய்ப்பட மியூசிக் மாதிரி இருக்கே” என்று பியானோவுக்கே திரும்பிவிடுவார்கள்.

இந்த வாரம் அந்த ஓரத்து டோனைப் பற்றித்தான் பேசப்போகிறோம். காரணம், என் அத்தை மகள் கேட்ட ஒரு கேள்வி.

அவள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். பழவேற்காடு ஏரியை ஒட்டிய எங்கள் காட்டூரில், அவளிடம் இருப்பது ஐந்து ஆக்டேவ், அதாவது 61 கட்டைகள் கொண்ட ஒரு பழைய கீபோர்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவுக்கு அதில்தான் வாசிக்கிறாள். யூடியூப் பார்த்து பாக் எழுதிய சின்னச் சின்ன பீஸ்களைத் தானாகவே கற்றுக்கொண்டாள். சென்னையில் ஒரு வகுப்பில் சேரப் போனபோது அங்கிருந்த மாஸ்டர் சொல்லியிருக்கிறார்: “டச் ரெஸ்பான்ஸ் இல்லாத கீபோர்டுல பாக் வாசிக்கிறது வேஸ்ட். முதல்ல பியானோ வாங்கிட்டு வா.”

“அக்கா, நம்ம கீபோர்டுல எப்புடி அமுக்குனாலும் ஒரே சவுண்டுதான் வருது. அப்போ இவ்ளோ நாள் நான் வாசிச்சது பாக்கே இல்லியா?” என்று போனில் கேட்டாள். அழவில்லை. ஆனால், அடுத்த இரண்டு வாரங்கள் கீபோர்டைத் திறக்கவில்லை என்று அத்தை சொன்னார்.

அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஏனென்றால், பாக் தன் கீபோர்டு இசையில் பெரும்பகுதியை மனதில் வைத்து எழுதிய ஹார்ப்சிகார்டிலும் எப்படி அமுக்கினாலும் கிட்டத்தட்ட ஒரே சத்தம்தான் வரும்!

மீட்டுவதும் தட்டுவதும்

பியானோவும் ஹார்ப்சிகார்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். நீளமான மரப்பெட்டி, உள்ளே வரிசையாகக் கம்பிகள், முன்னால் கறுப்பு வெள்ளைக் கட்டைகள். ஆனால், உள்ளே நடப்பது முற்றிலும் வேறு.

ஹார்ப்சிகார்டில் ஒரு கட்டையை அமுக்கினால், அதன் மறுமுனையில் நிற்கும் மெல்லிய மரப்பட்டை மேலே எழும்பும். அதில் செருகியிருக்கும் சின்ன முள் கம்பியைச் சுண்டிவிட்டுப் போகும். அந்தக் காலத்தில் அந்த முள்ளைக் காக்கை போன்ற பறவைகளின் இறகுத் தண்டில் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். ஆக, ஹார்ப்சிகார்டு என்பது கட்டைகள் வைத்த ஒரு மீட்டு வாத்தியம். நம் வீணைக்குத் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. வீணையில் அழுத்தி மீட்டினால் சத்தம் கூடும், தடவி மீட்டினால் குறையும். ஹார்ப்சிகார்டில் மீட்டுவது உங்கள் விரல் அல்ல, அந்த இறகு. நீங்கள் கோபமாக அமுக்கினாலும் கொஞ்சலாக அமுக்கினாலும் அது ஒரே மாதிரிதான் சுண்டும்.

பியானோவில் சுண்டுவது கிடையாது, தட்டுவதுதான். கம்பளித் துணி சுற்றிய சின்னச் சுத்தியல் கம்பியை அடித்துவிட்டு உடனே பின்வாங்கும். சந்தூர் வாசிப்பதைப் பார்த்திருந்தால் சட்டென்று புரியும். வேகமாக அமுக்கினால் சுத்தியல் வேகமாக அடிக்கும், சத்தம் பெரிதாகும். இந்த அடியைத் தாங்க இன்றைய பியானோவுக்குள் இரும்புச் சட்டம் இருக்கிறது. கம்பிகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 20 டன். ஹார்ப்சிகார்டுக்குள் பெரும்பாலும் மரம்தான். அதனால்தான் அதன் ஒலி மெல்லியதாக, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, மணல் மாதிரி உதிர்ந்து விழுகிறது.

கோட்டை காலத்துச் சங்கீதம்

ஐரோப்பிய இசையில் சுமார் 1600 முதல் 1750 வரையான காலத்தை ‘பரோக்’ என்பார்கள். இந்தக் கணக்கை எங்கள் ஊர்க்காரர்கள் எளிதாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். பாக், ஹேண்டல், ஸ்கார்லட்டி மூன்று பேரும் பிறந்தது 1685. அதாவது பரோக் இசையின் மூன்று பெரிய ஆட்கள் தொட்டிலில் கிடந்தபோது, பழவேற்காட்டிலிருந்து துணிமூட்டைகள் கப்பலேறிக்கொண்டிருந்தன.

அதே நூற்றாண்டில் ஹாலந்து நாட்டு வசதியான வீடுகளில் ஹார்ப்சிகார்டும் அதன் சின்னத் தங்கையான வெர்ஜினலும் இருந்தன. ஓவியர் வெர்மீர் வெர்ஜினல் முன்னால் நிற்கும் பெண்ணையும் உட்கார்ந்திருக்கும் பெண்ணையும் வரைந்திருக்கிறார். அந்த இரண்டு ஓவியங்களும் இன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கின்றன.

பியானோ வந்தது 1700-ஐ ஒட்டி. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில், மெடிச்சி குடும்பத்தின் வாத்தியங்களைப் பராமரித்துவந்த பர்தலோமியோ கிறிஸ்டோஃபோரி அதைச் செய்தார். அப்போது அதற்குத் தனிப் பெயர்கூடக் கிடையாது. ‘மெல்லவும் உரக்கவும் ஒலிக்கும் ஹார்ப்சிகார்டு’ என்ற பொருளில்தான் குறிப்பிட்டார்கள். மெல்ல என்பதற்கான இத்தாலியச் சொல்தான் ‘பியானோ’. அவர் கையால் செய்து இன்றும் மிஞ்சியிருக்கும் பியானோக்களில் மிகப் பழையது 1720-ல் செய்யப்பட்டது. நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் அதைப் பார்க்கலாம்.

பாக் பியானோவைப் பார்த்ததே இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. ஜெர்மனியில் சில்பர்மன் என்பவர் செய்த பியானோக்களை அவர் வாசித்துப் பார்த்திருக்கிறார். முதலில் மேல் ஸ்வரங்கள் பலவீனமாக இருப்பதாகவும் கட்டைகள் கனமாக இருப்பதாகவும் குறை சொன்னார். பிறகு வந்த மேம்பட்ட பியானோக்களை ஏற்றுக்கொண்டார். 1747-ல் பிரஷ்ய மன்னர் ஃப்ரெட்ரிக்கின் அரண்மனையில் மன்னர் கொடுத்த மெட்டை வைத்துக்கொண்டு சில்பர்மன் பியானோவில் அங்கேயே கற்பனையாக வாசித்தார். ஆனால், அப்போது அவருக்கு வயது 62. அவருடைய முக்கியமான கீபோர்டு படைப்புகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டுவிட்டன. பழவேற்காட்டை 1825-ல் டச்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த காலத்தில், ஐரோப்பாவில் ஹார்ப்சிகார்டு ஓரங்கட்டப்பட்டு பியானோ கோலோச்சிக்கொண்டிருந்தது.

இந்தியாவுக்கும் ஹார்ப்சிகார்டு வந்தது. கல்கத்தாவில் 1789-ல் வில்லியம் ஹாமில்டன் பேர்டு என்பவர், தான் கேட்ட இந்துஸ்தானி மெட்டுகளை ஹார்ப்சிகார்டில் வாசிக்கும்படி மாற்றிப் புத்தகமாகவே அச்சிட்டார். ஜேன் சாப்மன் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அதைப் பதிவு செய்திருக்கிறார். மெட்டு தெரிகிறது, கமகம் இல்லை. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகும் வழி கட்டைகளுக்கு நடுவே கிடையாதே. இந்தக் குறையில் பியானோவும் ஹார்ப்சிகார்டும் சரிசமம்.

ஒரே இசை, இரண்டு பேச்சு

சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாத வாத்தியத்தில் எப்படி உணர்ச்சியைக் காட்டுவது? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. 

ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல, குரலை உயர்த்துவது ஒரு வழி. இன்னொரு வழி, அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்துவது. நல்ல கதை சொல்லிகள் இரண்டாவது வழியைத்தான் அதிகம் பயன்படுத்துவார்கள். ஹார்ப்சிகார்டு கலைஞரும் அப்படித்தான். முக்கியமான ஸ்வரத்துக்கு முன்னால் நூலிழை இடைவெளி விடுவார். அந்த ஸ்வரத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவைப்பார். மூன்று, நான்கு ஸ்வரங்கள் சேர்ந்து வரும் இடத்தில் ஒரேயடியாக அமுக்காமல், வீணைத் தந்திகளை விரலால் வருடுவதுபோல ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். ஸ்வரம் சீக்கிரமே அடங்கிவிடும் என்பதால் பக்கத்து ஸ்வரத்தோடு சேர்த்து அதிரவைத்து உயிரோடு வைத்திருப்பார். பரோக் இசையில் அத்தனை அலங்காரங்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பியானோ கலைஞருக்கு இந்த வழிகளோடு குரலை உயர்த்தும் வசதியும் இருக்கிறது. பாக்கின் ‘ஃப்யூக்’ வகை இசையில் ஒரே மெட்டு முதலில் ஒரு குரலில் வரும், பிறகு இன்னொரு குரலில், பிறகு அடியில் மூன்றாவது குரலில். பியானோவில் அந்த மெட்டு வரும்போதெல்லாம் அதை மட்டும் தூக்கிக் காட்டலாம். “இதோ பாருங்க, மறுபடி வந்துட்டான்” என்று கைநீட்டிக் காட்டுவது மாதிரி. ஹார்ப்சிகார்டில் அப்படிக் காட்ட முடியாது. எல்லாக் குரல்களும் ஒரே உயரத்தில் பேசும். எது எங்கே என்று நம் காதுதான் தேட வேண்டும். முதல் முறை கேட்கையில் பியானோ எளிது. பத்தாவது முறை கேட்கையில் ஹார்ப்சிகார்டில் புதிதாக ஏதாவது கிடைக்கும்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இசை ரசிகர்கள் உடனே கையில் எடுப்பது ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’. 1741-ல் பாக் வெளியிட்டது. ஒரு மெட்டு, அதன்மேல் 30 மாறுபாடுகள். இரண்டு அடுக்குக் கட்டைகள் உள்ள ஹார்ப்சிகார்டுக்கு என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தார். சில பகுதிகளில் இடது கை மேல் அடுக்கிலும் வலது கை கீழ் அடுக்கிலும் ஒன்றையொன்று தாண்டி ஓடும். ஒரே அடுக்குள்ள பியானோவில் அதே பகுதிகளில் இரண்டு கைகளும் மோதிக்கொள்ளும். 

இதை ஹார்ப்சிகார்டில் முதன்முதலாக முழுமையாகப் பதிவு செய்தவர் போலந்தில் பிறந்த வாண்டா லண்டோவ்ஸ்கா, 1933-ல் பாரிஸில். அருங்காட்சியகத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு வாத்தியத்தை மறுபடி மேடையேற்றியவர் அவர். 1940-ல் அவர் பாரிஸில் ஸ்கார்லட்டியைப் பதிவு செய்தபோது வெளியே பீரங்கி வெடித்த சத்தமும் அந்த ரெக்கார்டில் பதிந்திருக்கிறது. வாசிப்பு நிற்கவில்லை. ஆனால், ஒரு வேடிக்கை. அவர் வாசித்தது இரும்புச் சட்டம் போட்ட, பியானோ கம்பெனி செய்த கனமான ஹார்ப்சிகார்டு. பாக் பார்த்திருந்தால் அடையாளம் கண்டிருப்பாரா என்பது சந்தேகம்தான். பழைய வாத்தியங்களை அப்படியே பின்பற்றி, பழைய முறையில் வாசிக்கும் வழியை அழுத்தமாகப் போட்டவர்களில் முக்கியமானவர் டச்சுக்காரரான குஸ்தாவ் லியோன்ஹார்ட். 1968-ல் வந்த ஒரு சினிமாவில் பாக்காக நடித்தவரும் அவரே.

மறுபக்கம், 1955-ல் நியூயார்க் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார் 22 வயது கனடா இளைஞர் க்ளென் கூல்ட். பியானோவில் அதே கோல்ட்பெர்க். பியானோவின் பெரிய சொத்தான பெடலை அவர் தொட்டதே அபூர்வம். ஸ்வரங்களைப் பிசுபிசுப்பில்லாமல் தனித்தனியாக வெட்டி வைத்தார். பியானோவிடமிருந்து ஹார்ப்சிகார்டின் தெளிவைக் கறந்த வாசிப்பு அது. சுமார் 38 நிமிடங்களில் முடிந்துவிடும். 1981-ல் அதையே மறுபடி பதிவு செய்தார். இந்த முறை சுமார் 51 நிமிடங்கள். அடுத்த ஆண்டு இறந்துபோனார். ஒரே ஆள், ஒரே இசை, ஒரே வகை வாத்தியம். ஆனாலும், இரண்டு பதிவுகளுக்கும் இடையே அத்தனை தூரம். வாத்தியத்தை மட்டும் வைத்து ஒரு வாசிப்பை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இது நமக்குத் தெரிந்த சண்டைதான்

‘ஒரிஜினல் வாத்தியத்தில் வாசித்தால்தான் அந்த இசை’ என்ற வாதம் நமக்குப் புதிதல்ல. கமகம் வராது என்று சொல்லி, அகில இந்திய வானொலி 1940-ல் ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. அது தளர்ந்தது 1971-ல்தான். இன்னொரு பக்கம், ஐரோப்பாவிலிருந்து வந்த வயலின் இல்லாமல் ஒரு கர்னாடக சங்கீதக் கச்சேரியை இன்று நினைத்துப் பார்க்க முடியுமா? யூ.ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டு வந்தபோது புருவம் உயர்த்தியவர்கள் பின்னாளில் கைதட்டினார்கள். 

பாக்கை நம் வீட்டுக்கே கூட்டிவந்தவரும் நம்மிடம் இருக்கிறார். இளையராஜா 1986-ல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்தார். பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாகவே அதில் ஒரு பீஸுக்குப் பெயர். வயலினுக்கு பாக் எழுதியது அங்கே இன்னொரு உருவம் எடுக்கிறது. பாக்கே தன் இசையையும் அடுத்தவர் இசையையும் ஒரு வாத்தியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி எழுதிக்கொண்டே இருந்தவர்தான். விவால்டியின் வயலின் கச்சேரி இசையை ஹார்ப்சிகார்டுக்கு மாற்றியிருக்கிறார்.

அதற்காக, எந்த வாத்தியமானாலும் ஒன்றுதான் என்று நான் சொல்லவரவில்லை. வாத்தியம் மாறினால் பேச்சு மாறும். ஹார்ப்சிகார்டு பாக்கின் காலக்கணக்கைக் காட்டுகிறது. பியானோ அவர் குரல்களின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுகிறது. இரண்டையும் கேட்டவருக்குத்தான் எது பாக், எது வாத்தியம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியும்.

அந்த ஓரத்து டோன்

இப்போது என் அத்தை மகளின் கீபோர்டுக்கு வருவோம்.

எங்கள் பக்கம் வீட்டில் பியானோ வைப்பது பணப்பிரச்னை மட்டுமல்ல. ஏரியும் கடலும் சேர்ந்து அனுப்பும் உப்புக்காற்றில் சைக்கிள் செயினே துருப்பிடிக்கும். பியானோக் கம்பிகள் என்ன ஆகும்? ஈரக்காற்றில் மரம் உப்பினால் ஹார்ப்சிகார்டின் சுருதி கலைந்துகொண்டே இருக்கும். ஒரு துணியைப் போட்டு மூடிவைத்தால் தாக்குப்பிடிப்பது கீபோர்டுதான்.

அந்தக் கீபோர்டில் 61 கட்டைகள். 18-ம் நூற்றாண்டின் பெரிய ஹார்ப்சிகார்டுகளுக்கும் ஐந்து ஆக்டேவ்தான். பாக் 1722-ல் தொகுத்த ‘வெல் டெம்பர்டு கிளேவியர்’ முதல் புத்தகத்துக்கு நான்கு ஆக்டேவே போதும். அமுக்குகிற வேகத்துக்கு ஏற்ப சத்தம் மாறாது என்பது பியானோவின் அளவுகோலில் குறை. ஹார்ப்சிகார்டின் அளவுகோலில் அது இயல்பு.

அதனால் அவளுக்கு நான் சொன்ன பயிற்சி இதுதான். ஹார்ப்சிகார்டு டோனைப் போடு. வெல் டெம்பர்டு கிளேவியரின் முதல் பீஸான சி மேஜர் ப்ரிலூடை எடு. முழுக்க முழுக்க ஒவ்வொன்றாக அவிழும் ஸ்வரக் கூட்டங்கள்தான், 35 பார்கள். சத்தத்தைக் கூட்டாமல், எந்த ஸ்வரம் முக்கியம் என்று கேட்பவருக்குப் புரியவை. கொஞ்சம் தாமதித்துப் பார். கொஞ்சம் பிடித்துவைத்துப் பார். முந்தைய ஸ்வரத்தைச் சற்று முன்னதாகவே விட்டுப் பார். இந்த வித்தை கைவந்த பிறகு எப்போதாவது நல்ல பியானோ முன்னால் உட்கார்ந்தால், சத்தம் என்பது உனக்குக் கூடுதல் வசதியாக இருக்கும், ஊன்றுகோலாக இருக்காது.

எல்லாவற்றுக்கும் இது போதாது. நிஜ ஹார்ப்சிகார்டில் இறகு கம்பியைத் தொடும் அந்த நொடி விரலுக்குத் தெரியும். கீபோர்டில் அது கிடைக்காது. பீத்தோவன், ஷோப்பான் என்று போனால் மெல்லவும் உரக்கவும் வாசித்தே ஆக வேண்டும். அங்கே டச் ரெஸ்பான்ஸ் கட்டாயம். அந்த மாஸ்டர் அதைச் சொல்லியிருந்தால் நியாயம். பாக்குக்குச் சொன்னதுதான் அநியாயம். வாங்க முடியாத ஒரு பொருளின் பெயரைச் சொல்லி, கையில் இருப்பதைக் கீழே வைக்கச் செய்துவிட்டார்.

இந்த வாரம் கேளுங்கள்

இசை தெரியாதே என்று தயங்க வேண்டாம். யூடியூபில் ஸ்கார்லட்டியின் ‘கே 141’ என்ற சொனாட்டாவைத் தேடுங்கள். நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்பப் படபடவென்று வரும். முதலில் ஜான் ரோந்தோ ஹார்ப்சிகார்டில் வாசிப்பதைக் கேளுங்கள். கிடாரை யாரோ வெறியோடு சுண்டுவது மாதிரி இருக்கும். பிறகு மார்த்தா ஆர்கெரிச் பியானோவில் வாசிப்பதைக் கேளுங்கள். மழை தகரக் கூரையில் ஏறி இறங்கும். நல்ல இயர்போன் இருந்தால் உத்தமம்.

அடுத்து, கோல்ட்பெர்க்கின் தொடக்க மெட்டை மட்டும் லியோன்ஹார்ட் வாசித்தும், கூல்ட் 1981-ல் வாசித்தும் கேளுங்கள். பழைய முறை ஹார்ப்சிகார்டுப் பதிவுகள் பலவற்றில் சுருதி சுமார் அரைக் கட்டை இறங்கியிருக்கும். அந்தக் கால வழக்கத்தை ஒட்டி அப்படிச் சுருதி சேர்க்கிறார்கள். தப்பாகக் கேட்கிறதோ என்று பயந்துவிடாதீர்கள்.

கேட்டுவிட்டு, எது பிடித்தது என்று வீட்டில் ஒரு ஓட்டெடுப்பு நடத்துங்கள். எங்கள் வீட்டில் அம்மா ஹார்ப்சிகார்டு, அப்பா பியானோ. அத்தை மகள் இன்னும் ஓட்டுப் போடவில்லை. ப்ரிலூடின் 24-வது பாரில் இருக்கிறாளாம்.